விசாரிக்கப் போகிறவர் வீட்டுக்காரி

மெர்வத்துக்குப் பொறாமை. நகை போட்டவளைப் பார்த்தோ புது வீடு கட்டியவளைப் பார்த்தோ அல்ல. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வராமல் போன கல்லூரிப் பிள்ளைகளைப் பார்த்து. காய்ச்சலில் படுத்த பிள்ளை, பரீட்சையில் கோட்டைவிட்டுவிட்டு முகம் காட்ட வெட்கப்படுகிற பிள்ளை, சும்மா சோம்பலில் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிற பிள்ளை என்று ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோர் மேலும் பொறாமை. ஏனென்றால் அவர்களைத் தேடிக்கொண்டு அவள் புருஷன் உன்ஸி போவார்.

எகிப்தின் அஸ்யூத் நகரத்தில் ஒவ்வொரு கல்லூரியிலும் படிக்கிற கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குச் சர்ச்சில் ஒரு குடும்பம் உண்டு. குடும்பம் என்றே அதற்குப் பெயர். வணிகக் கல்லூரிப் பிள்ளைகளின் குடும்பத்துக்கு வருஷக்கணக்காக உன்ஸிதான் பொறுப்பாளர். பகலில் குடிநீர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. மிச்ச நேரமெல்லாம் அந்தப் பிள்ளைகள். சேர்ந்து பாடுவது, வேதம் படிப்பது, அரிசியும் எண்ணெயும் மூட்டை கட்டி ஆற்றுக்கு அக்கரைக் கிராமங்களுக்குத் தூக்கிப் போவது. யாருக்குப் போகிறது என்று கேட்டால், "ஆண்டவரோட சகோதரர்களுக்கு" என்பார்கள். ஏழை என்ற சொல்லை அந்தக் கூடத்தில் யாரும் வாயில் எடுக்கக் கூடாது.

இத்தனையிலும் உன்ஸிக்கு உயிர், விசாரிக்கப் போவதுதான். ஒரு பிள்ளை தொடர்ந்து வரவில்லையென்றால் அதன் விடுதி வாசலில் போய் நிற்பார். "உன் இடம் காலியா இருந்துச்சு" என்பார். ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டார், புத்தி சொல்ல மாட்டார். அந்தப் பிள்ளை அடுத்த வாரம் எல்லோருக்கும் முன்னால் வந்து நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்.

அந்த வார்த்தை ஆளை என்ன செய்யும் என்று மெர்வத்துக்கு நன்றாகத் தெரியும். அவளே அதில் விழுந்தவள்தான். அப்னூப் பக்கத்துக் கிராமத்திலிருந்து படிக்க வந்து, பெண்கள் விடுதியில் எட்டுப் பேர் அறையில் ஒரு மூலையில் கிடந்த பெண் அவள். செருப்பின் அடி பிய்ந்துபோனது. அதைப் போட்டுக்கொண்டு நாலு பேர் நடுவில் போக மானம் இடம் கொடுக்கவில்லை. கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். யாரும் கவனிக்கப்போவதில்லை என்று நினைத்தாள். அப்போது மீசை அரும்பியும் அரும்பாத இளைஞராக இருந்த உன்ஸி, ஊழியத்தில் இருந்த ஒரு அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு விடுதி வரவேற்பறையில் வந்து உட்கார்ந்தார். அதே வார்த்தையைச் சொன்னார். மெர்வத் மறு வாரமே பிய்ந்த செருப்போடு போய் நின்றாள். அதற்கப்புறம் செருப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. இருந்தும் அடிக்கடி வராமல் போனாள். அவர் ஒவ்வொரு தடவையும் வந்தார். கடைசித் தடவை அக்காவுக்குப் பதிலாகத் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

கல்யாணம் ஆனதோடு விசாரிப்பு நின்றது. கையில் இருக்கிற பொருளை யார் தேடுவார்கள்?

மெர்வத் தொலைபேசி அலுவலகத்தில் கவுன்டர் வேலைக்குப் போனாள், ஒரே மகள் மரியானைப் பெற்று வளர்த்து ஹுர்கதாவில் கட்டிக்கொடுத்தாள். உன்ஸி நல்லவர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆனால் கிர்கிஸ் என்று ஒரு பையனுக்கு ஃபூல் பயறு ஒத்துக்கொள்ளாது, தின்றால் ரத்தம் கெட்டுப்போகும் என்பது அவருக்கு ஞாபகம் இருக்கும். மெர்வத் டீயில் சர்க்கரை போடுவதை நிறுத்தி எத்தனையோ காலம் ஆகியும் இன்னும் இரண்டு கரண்டி போட்டுத்தான் நீட்டுவார். அவளுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய அன்று கன்னம் தவலை மாதிரி வீங்கிக் கிடந்தது. ராத்திரி வந்தவர் அவளைப் பார்த்துவிட்டு, "என்ன கோபமா?" என்றார். விளக்கடியில் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

குளிர் தொடங்கியதும் அவள் கல்யாணத்துக்கு வந்த சிவப்புக் கம்பளி அலமாரியிலிருந்து காணாமல் போனது. தேடு தேடென்று தேடினாள். அது பெண்கள் விடுதியில் ஒருத்தியைப் போர்த்திக்கொண்டிருந்தது. துவைத்து மடித்துத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தவள் ஃபெப்ரோனியா.

இந்த ஃபெப்ரோனியாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாலாம் வருஷம் படிக்கிற குட்டைப் பெண். குரல் மட்டும் ஆளைவிடப் பெரியது. குடும்பத்தில் பெண்கள் பக்கத்துக்கு அவள்தான் தலைவி. பெண்கள் விடுதிக்கு உன்ஸி தனியாகப் போவது முறையில்லை என்பதால் விசாரிக்கப் போகும்போதெல்லாம் கூடவே அவள் போவாள். மெர்வத்துக்குத் தன் புருஷன் மேல் தப்பான சந்தேகம் ஒன்றும் கிடையாது. அந்த மனுஷனுக்கு அதற்கு நேரமும் இல்லை, சாமர்த்தியமும் இல்லை. எரிந்ததெல்லாம் வேறு. தனக்கு ஒரு காலத்தில் கிடைத்ததை வாசல் வாசலாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்களே, அதில் ஒரு கை இவளுடையதாக இருக்கிறதே என்றுதான் எரிந்தது.

"ஃபெப்ரோனியா ஒருத்தி முப்பது ஆளுக்குச் சமம், தெரியுமா!" என்பார் உன்ஸி, செருப்பைக் கழற்றும்போதே.

"அப்ப முப்பது ஆள் சோத்தையும் அவளையே ஆக்கிப் போடச் சொல்லுங்க" என்பாள் மெர்வத்.

அவர் சிரிப்பார். பகடி என்று நினைத்துக்கொள்வார்.

கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு முந்தின நோன்பு நாட்கள் அவை. ஒரு நாள் சாயங்காலம், யாரோ ஒரு பையன் விடுதி வாசலில் தன்னைக் கட்டிப்பிடித்து அழுததை உன்ஸி சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியது. பருப்பைக் கடைந்துகொண்டிருந்த மெர்வத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. 'சரி, நானும் காணாமல் போய்ப் பார்க்கிறேன்' என்று முடிவு கட்டினாள்.

அது சுலபமாகவும் இருந்தது. வார விடுமுறையான வெள்ளிக்கிழமை விடியுமுன்னே உன்ஸி சர்ச்சுக்குக் கிளம்பிவிடுவார். அவர் சர்ச்சில் முன்வரிசையில் பீடத்தைப் பார்த்து நின்று பாடுகிறவர். பெண்கள் பக்கம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மெர்வத் பிறகு வந்து, மூன்றாவது தூணை ஒட்டித் தன் வழக்கமான இடத்தில் நின்று தொழுதுவிட்டுத் தனியாக வீடு திரும்புவாள். அவர் பிள்ளைகளோடு கூடத்தில் மூட்டை கட்டிவிட்டு இருட்டியபின் வருவார்.

முதல் வெள்ளிக்கிழமை வீட்டிலேயே இருந்தாள். பாவம் செய்கிறோமோ என்று உறுத்தியது. இருந்தாலும் காது முழுக்கப் படிக்கட்டிலேயே இருந்தது. உன்ஸி வழக்கம்போல வந்தார்.

"நம்ம பாதிரியார் அபூனாவோட பிரசங்கம் எப்படி இருந்துச்சு பாத்தியா!"

"எதைப் பத்திப் பேசினார்?"

"அதான் நீயே கேட்டியே!" என்றவர் ஃபோன் அடிக்கவும் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

இரண்டாவது வெள்ளிக்கிழமையும் அவள் போகவில்லை. அன்று அவர் கையில் ஆசீர்வாத ரொட்டி இருந்தது. எதிர்வீட்டு மனிதர் படியில் நின்றுகொண்டிருந்தார். "நீங்க எடுத்துக்கங்க, இவ சர்ச்சுலயே வாங்கியிருப்பா" என்று அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். கதவுக்குப் பின்னால் நின்ற மெர்வத் அன்று அழுதாள். அழுததற்கு வெங்காயத்தைக் காரணம் காட்ட வேண்டிய அவசியம்கூட வரவில்லை, யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை மதியம் கதவு தட்டப்பட்டது.

சாவி வைத்திருக்கிற மனுஷன் கதவைத் தட்டுகிறார் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், விசாரிக்க வந்திருக்கிறார். மெர்வத் தலைத்துண்டால் முகத்தைத் துடைத்து, முடியைச் சரிசெய்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

ஃபெப்ரோனியா நின்றாள். பின்னால் ஒல்லியாக இன்னொரு பெண். ஃபெப்ரோனியா கையில் ஒரு பையில் நாலு ஆரஞ்சுப் பழம்.

"அவர் இங்க இல்ல" என்றாள் மெர்வத். வாசலை விட்டு நகரவில்லை.

"தெரியும் ஆன்ட்டி, கூடத்துல மூட்டை கட்டிட்டு இருக்கார். உங்களைத்தான் பாக்க வந்தோம். பெண்கள் வாசல்ல ரொட்டி குடுக்கிறது நான்தானே? மூணு வாரமா உங்களைக் காணோம். உங்க இடம் காலியா இருந்துச்சு."

அத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை, அதுவும் இவள் வாயிலிருந்து! கதவைப் படாரென்று சாத்த வேண்டும்போல் இருந்தது மெர்வத்துக்கு. ஆனால் பாழாய்ப்போன கண் நிறைந்துவிட்டது. அந்த வார்த்தை யார் சொன்னாலும் வேலை செய்யும்போலிருக்கிறது. தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"அவர் அனுப்பினாரா?"

"யாரு, உன்ஸி சாரா? அவர்கிட்ட எதுக்கு ஆன்ட்டி சொல்லணும்? அவர் இந்த வீட்லதானே இருக்கார்!"

"இருக்கார்னு உனக்கு யாரு சொன்னது?"

ஒல்லிப் பெண் சிரித்தாள். ஃபெப்ரோனியா சிரிக்க ஆரம்பித்து, மெர்வத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தாள். மெர்வத் வேண்டாவெறுப்பாக டீ போட்டாள். ஃபெப்ரோனியா எழுந்து வந்து தட்டை வாங்கிக்கொண்டு, "உங்களுக்கு எத்தனை கரண்டி?" என்று கேட்டாள்.

"எனக்குச் சர்க்கரை வேண்டாம்."

இரண்டாவது தடவை டீ ஊற்றியபோது ஃபெப்ரோனியா கேட்காமலேயே சர்க்கரை இல்லாத கோப்பையை மெர்வத் பக்கம் தள்ளினாள். இவள் நல்ல பெண்ணாக இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மெர்வத் நினைத்தாள். வெறுப்பதற்காவது வசதியாக இருந்திருக்கும்.

கிளம்பும்போது ஃபெப்ரோனியா தயங்கி, "சார்கிட்ட ஒரு வார்த்தை..." என்றாள்.

"சொன்னே, காலை ஒடிச்சிருவேன்."

"சொல்லல. ஆனா அடுத்த வாரம் நீங்க வரணும். இல்லேன்னா முப்பது பொண்ணுங்களைக் கூட்டிட்டு வந்து உக்காந்துருவேன். டீ போட்டே உங்க இடுப்பு ஒடிஞ்சிரும்."

இரவு உன்ஸி வந்தார். பசியோடு உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்துக்கொண்டே, எந்த மூட்டை எந்தக் கிராமத்துக்குப் போகிறது என்று சொன்னார். மெர்வத் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"பெண்கள் பக்கம் ஒரு பொம்பளை மூணு வாரமா வரலையாம்."

ரொட்டி பாதி வழியில் நின்றது. "யாரு? மூணு வாரமாவா? யாரும் போய்ப் பாக்கலையா?"

"வீட்டு ஆளுங்க யாருக்கும் தெரியாதாம்."

"அது என்ன வீடு! புருஷன்காரன் இல்லையா?"

"இருக்கார். ரொம்ப நல்லவர்னு ஊரே சொல்லுது."

"ஊர் சொல்லும். ஊருக்கு என்ன, அவனோடயா குடித்தனம் நடத்துது? வீடு எங்க?"

"நம்ம தெருதான். மருந்துக்கடை மாடில."

"நம்ம கட்டடத்துலயா?" உன்ஸி திகைத்துப் போனார். "இத்தனை வருஷமா இருக்கோம், நான் பாத்ததே இல்லையே!"

மெர்வத்துக்குச் சிரிப்பு வந்தது. "நீங்க எங்க பாக்கப் போறீங்க."

"ச்சே, ரொம்பத் தப்பு. நாளைக்கே போயிரணும். பொம்பளை இருக்கிற வீடு, ஃபெப்ரோனியாவையும் கூட்டிட்டுப் போறேன். எந்த மாடி?"

"மூணாவது மாடி. படி ஏறினதும் வலது கைப் பக்கம். ஃபெப்ரோனியாவைக் கூப்பிட வேண்டாம்ங்க. அவ இன்னிக்கே வந்து விசாரிச்சிட்டுப் போயிட்டா."

உன்ஸி வலது கையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. மன்னிப்புக் கேட்பார், அழுவார், காலைப் பிடித்தாலும் பிடிப்பார் என்று மூன்று வாரமாக மெர்வத் மனத்துக்குள் எத்தனையோ விதமாக இந்த நேரத்தை நடத்திப் பார்த்திருந்தாள். அவர் அதில் ஒன்றையும் செய்யவில்லை.

"ஃபெப்ரோனியாவா?" என்றார். "எங்கிட்ட சொல்லாமயா? எனக்கு முன்னாடியா வந்தா?"

அந்த முகத்தை மெர்வத்துக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம்தான். தனக்குச் சேர வேண்டியதை வேறொருத்தி எடுத்துக்கொண்டு போய்விட்டாளே என்று உதடு லேசாக வெளுத்து, கண்ணில் ஒரு சின்ன எரிச்சலோடு, அப்பட்டமான பொறாமை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளுக்குக் கொடுத்த எதுவும் அவளுக்கு இவ்வளவு இனித்ததில்லை.

"ஆமா. உங்களுக்கு முன்னாடிதான்."

"என்ன... என்ன சொன்னா அவ?"

மெர்வத் அவர் தட்டில் இன்னொரு கரண்டி பருப்பை ஊற்றினாள்.

"நாளைக்கு நீங்களும் வந்து சொல்லுங்க. யாரு சொல்றது நல்லாருக்குன்னு பாக்கிறேன்" என்றாள்.