கல்யாணம் முடியட்டும் என்று சொன்னது நான்

காசநோய்க் கிருமியைத் தூங்க வைப்பதுதான் என் பிழைப்பு. வேலூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில், கிருமியைக் கண்ணாடிக் குழாயில் விட்டு மூடியை இறுக்கி அடைப்போம். உள்ளே காற்று குறையக் குறைய, அதைக் காட்டிக்கொடுக்கவென்றே கலந்த நீலச் சாயம் வெளுத்துக்கொண்டே வரும். காற்று போனதை ஒரு மரபணு மோப்பம் பிடித்துச் சொல்ல, இன்னொன்று உத்தரவு போட, கிருமி பெருகுவதை நிறுத்திவிட்டுப் படுத்துவிடும். சாகாது. மனிதனின் நுரையீரலிலும் இப்படியே வருஷக்கணக்கில் கிடக்கும். எந்த மரபணுவை நீக்கினால் அதற்குத் தூங்கத் தெரியாமல் போகும் என்று பார்க்கிறோம். மறுபடி எப்போது எழும் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

அப்பாவுக்குக் காசநோய் வந்தபோது சுகாதார ஊழியர் வீட்டில் எல்லோரையும் சோதித்தார். எனக்கும் தங்கச்சிக்கும் நோய் இல்லை, ஆனால் கிருமி உள்ளே தூங்குகிறது என்றார். வாரத்துக்கு ஒரு நாள் வீதம் மூன்று மாதம் மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

அந்த நிறம்தான் வினையாயிற்று. தங்கச்சி ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைக்கிறாள். அவளைப் பெண் கேட்டு வந்த மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் அதே லைனில் செக்கிங் வேலை. சாப்பிடுவதும் பாத்ரூம் போவதும் ஒன்றாகத்தான். அங்கே பாதி நாள் தண்ணீர் வராது, போன நிறம் அப்படியே கிடக்கும்.

"அவங்க பாத்துட்டா இன்னாக்கா பண்றது?" என்றாள்.

"அது தூங்கிக்கினு இருக்குது. உன்ன இன்னா பண்ணப் போவுது? கல்யாணம் முடியட்டும், அப்புறம் சாப்ட்டுக்கலாம்" என்றேன்.

படித்தவள் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு ஏது? அம்மா மாத்திரையை பீரோவில் வைத்துப் பூட்டினாள். விசாரிக்க வந்த ஊழியரிடம், "ஒழுங்கா சாப்பிடுறா" என்று நானே புளுகினேன். என் பங்கை மட்டும் ஒரு வாரம்கூட விடாமல் விழுங்கினேன். சீ, இதை எழுதவே கூசுகிறது.

கல்யாணம் முடிந்தது. அடுத்து அவள் முழுகாமல் இருந்தாள். நான் மாத்திரைப் பேச்சை எடுக்கவே இல்லை. மறந்துவிட்டேன் என்றால் பொய். எடுத்தால், "அன்னிக்கு ஏன் வேணாம்ன?" என்று கேட்டுவிடுவாளோ என்ற பயம்.

குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனபோது அவளுக்கு இருமல் வந்தது. சளியில் கிருமி. குழந்தைக்கு நோய் இல்லை. ஆனாலும் தினமும் மருந்து கொடுக்கச் சொன்னார்கள். கசப்பில் அது வீறிடும் சத்தத்தை நான் போனிலேயே கேட்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒடுகத்தூரில் இருக்கும் அவள் புகுந்த வீட்டுக்குப் போனேன். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த மாமியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"நீ இந்த வேலதானேம்மா பாக்குற? அப்பவே மாத்திர குடுத்தாங்களாமே, இவ சாப்பிடலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? எங்க மாமனாருக்கு இதே நோவு. தெனம் மாத்திர எடுத்துக் குடுத்ததே நான்தான். நானா பொண்ண வேணாம்னு சொல்லியிருப்பேன்?"

உள்ளேயிருந்து தங்கச்சி மாஸ்க்கோடு எழுந்து வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்கத்தே. அவ அப்பவே சாப்டு சாப்டுன்னு தலபாடா அடிச்சிக்கிட்டா. நாந்தான் கேக்கல."

மாமியார் என் பக்கம் திரும்பினார். "அப்டியாம்மா?"

"ஆமாங்க" என்றேன்.