ஒரு கிட்னிக்கு இரண்டு பேர்

ஜெராக்ஸ்காரர் பாதி ஆயுளை அந்த மெஷின் பக்கத்தில் நின்றே கழித்தவர். மீதியில் நாலு வருஷத்தை டயாலிசிஸ் விழுங்கிவிட்டது, வாரத்துக்கு மூன்று நாள் வீதம். கிட்னி கேட்டுப் பதிந்தவர்கள் நூற்றுக்கணக்கில். கொடுக்கிறவர்களையோ விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் ஒரு கிட்னி வந்தால் ஆஸ்பத்திரியில் இரண்டு பேரைக் கூப்பிடுவார்கள். முதல் ஆளுக்குச் சரிப்படாவிட்டால் அடுத்தவருக்கு. ஒருநாள் அப்படிக் கூப்பிட்டபோது இவர் அடுத்தவர்.

முதல் ஆள் ஒரு டீச்சர், எட்டு வருஷமாகக் காத்திருந்தவர். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, எந்த நர்ஸ் வலிக்காமல் ஊசி போடுவாள் என்று பெரிய ஆராய்ச்சியே நடத்தினார்கள். பேச்சுவாக்கில் டீச்சர் குரலைத் தாழ்த்தினார்.

"நேத்துலேர்ந்து காய்ச்சல் அண்ணே. மாத்திரை போட்டு அமுக்கி வச்சிருக்கேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சரி என்று தலையாட்டினார் மனுஷன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. பாத்ரூம் போவதாகச் சொல்லி எழுந்தவர், நேராக நர்ஸிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

ரத்தத்தைச் சோதித்தார்கள். கிருமி இருந்தது. இந்த நிலையில் ஆபரேஷன் செய்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் டீச்சரை அனுப்பிவிட்டார். கிட்னி இவருக்கு வந்தது. நாலே மாதத்தில் டீச்சர் போய்ச் சேர்ந்தார்.

அவங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க என்று பெண்டாட்டி ஆயிரம் தடவை சொல்லிவிட்டாள். பாவி மனசு கேட்க வேண்டுமே! டீச்சரின் நல்லதுக்காகவா அந்த வராந்தாவில் அப்படி விறுவிறுவென்று நடந்தார்? கிட்னி தனக்குக் கிடைத்துவிடும் என்றுதான் நடந்தார். அது அவருக்குத் தெரியும்.

ஒருநாள் டீச்சரின் வீட்டுக்காரர் கடைக்கு வந்து, இறப்புச் சான்றிதழை நீட்டி ஐந்து காப்பி கேட்டார். பேரைப் படித்த ஜெராக்ஸ்காரர் ஐந்து காப்பியையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நர்ஸ்கிட்ட சொன்னது நான்தாங்க," என்று போட்டு உடைத்தார்.

"தெரியும். அவளுக்கும் தெரியும்," என்றார் வந்தவர். "அவர் இடத்துல நான் இருந்தாலும் சொல்லியிருப்பேன்னு சொன்னா. உங்க உடம்பு எப்படி இருக்குன்னு கடைசி வரைக்கும் விசாரிச்சுக்கிட்டே இருந்தா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பார் என்று ஜெராக்ஸ்காரர் நின்றுகொண்டே இருந்தார். கேட்டிருந்தால் எவ்வளவோ தேவலை. அவரோ காப்பிகளை எண்ணி உறைக்குள் வைத்துக்கொண்டு, மாத்திரையை நேரம் தவறாமல் போடுங்க என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.