சாயம் போடாத பாய்

தோணிக்கு வாங்கிய புதுப் பாய்த்துணியில் கஞ்சி மணக்கும். மரப்பட்டை அவித்த சாயத்தில் ஊறவைத்து, அந்த மணம் போய்ச் செங்கபில நிறம் ஏறிய பிறகுதான் எங்கள் ஆலங்குடாவில் ஒரு பாய் கடலுக்குப் போகும். உலக யுத்தம் முடிந்து பதினைந்து வருஷம் போல ஆகியிருந்த அந்தப் பருவத்தில் எங்கள் பாய் மட்டும் வெள்ளையாகவே கிடந்தது. ஊரூராகப் படம் காட்டித் திரிந்த ஒருவர் திரைக்கு அதைக் கேட்டார். வாப்பாவும் பெருமையோடு கொடுத்துவிட்டார். “வயித்துப்பாட்டை வேடிக்கைக்குக் கட்டாதீங்க” என்று உம்மா சொன்னது காற்றோடு போனது.

மஃரிபு தொழுகை முடிந்து இருட்டியதும் கடற்கரையில் இரண்டு பாய்மரங்களை நட்டுப் பாயை விரித்தார்கள். எட்டு வயதுப் பெண்பிள்ளையான நான், முன்மணலில், உம்மாவின் தம்பியின் மடியில் இருந்தேன். ஊருக்கு அவர் “ஜப்பான் மாமா”. கப்பலில் சோறு சமைக்கும் குசினிக்காரராக இருந்தவர். யுத்தம் முடிந்த கையோடு குண்டு விழுந்த ஜப்பான் பட்டணமொன்றில் கரையிறங்கியவர். அங்கே என்ன கண்டீர்கள் என்று யாரும் கேட்டால், “கடலைக் கேளுங்க சொல்றேன், கரையைக் கேக்காதீங்க” என்பார்.

படத்தில் அணுகுண்டு வெடித்தது. கடலடியில் உறங்கிய மிருகமொன்று எழுந்துவந்து கப்பல்களைக் கவிழ்த்தது, வீடுகளை மிதித்தது, பட்டாளம் அதைச் சுட்டது. “சுடு! கொல்லு!” என்று ஊரே கத்தியது, எல்லோரையும்விடப் பலமாகக் கத்தியது நான்தான். அப்போது மிருகம் முகத்தைத் திருப்பியது. முடிச்சு முடிச்சாக உருகி இறுகிய தோல் பாய் முழுவதையும் நிறைத்தது. மாமா என்னை மணலில் தள்ளிவிட்டு எழுந்தார்.

“சுடாதீங்கடா! அதுக்கு எரியிது! இந்தத் தோலை நான் கண்டிருக்கேன். சோறு கேட்டுக் கப்பலடிக்கு வந்த மனிசர்ட முதுகில கண்டிருக்கேன்!”

“இருங்க காக்கா, படம் மறைக்கிது!” என்று அண்ணன் முறை சொல்லிக் கத்தியது ஒரு குரல். “ஜப்பானுக்கு முத்திட்டுது!” என்றது இன்னொன்று. எல்லோரும் சிரித்தார்கள்.

மாமா இடுப்பிலிருந்த மீன்கத்தியை உருவிப் பாயை மேலிருந்து கீழாகக் கிழித்தார். மிருகத்தின் முகம் இரண்டாகப் பிளந்து, நடுவே கறுத்த கடல் தெரிந்தது. துடுப்போடு பாய்ந்த வாப்பாவின் முதல் அடி தோளில் விழுந்தது; இரண்டாவதில் முழங்கை எலும்பு காய்ந்த விறகு போல முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவரை ஊர் உதைத்தது. “எங்கட பாய்!” என்று அழுதபடி நானும் ஒரு சங்கை எடுத்து எறிந்தேன். அது அவருடைய புருவத்தைப் பிளந்தது. முகத்தை மூடிக்கொள்ளாமல் அவர் என்னையே பார்த்தார்.

பாயில்லாமல் எங்கள் தோணி கரையில் கிடந்தது, வீட்டில் கஞ்சிதான். முறிந்த கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, மாமா ஒற்றைக் கையாலும் பல்லாலும் பாயைத் தைத்தார். துணியைப் பிடித்துக் கொடுத்தது நான். தையல் முடிச்சு முடிச்சாகத் தடித்து வந்தது. மூன்றாம் நாள் அவருடைய கைக்கட்டைத் தொட்டுக் கேட்டேன்.

“நோகுதா மாமா?”

“ஓம் புள்ள.” நூலைக் கடித்து அறுத்தார். “சோறு கேட்டு வந்தவங்கள்ட்ட நான் இதைக் கேக்கல்ல. சோத்துப் பானையை மூடிட்டு உள்ள போயிட்டேன்.”

மாமா மௌத்தாகி மண்ணுக்குள் போய்ப் பல காலம். ஆலங்குடாவில் இன்று பட்டை அவிக்கிற அடுப்பும் இல்லை, சாயம் ஏறிய பாயும் இல்லை. அலையில் சறுக்கி விளையாடும் வெள்ளைக்காரரின் வண்ணப் பட்டங்கள்தான் கடலுக்கு மேலே பறக்கின்றன. பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியில் அதே மாதிரி மிருகமொன்றைப் பார்த்து “சுடு! கொல்லு!” என்று கத்துகிறார்கள். அது முகத்தைத் திருப்பும் நேரம் பார்த்து, நானும் எழுந்து குசினிக்குள் போய்விடுகிறேன்.