பக்கம் பிரிக்காமல் போட்ட கையெழுத்து

கள் இறக்கிப் பிழைக்கும் ஒருவரைக் குடிகாரர் என்று ரிஜிஸ்தரில் எழுதி, ஆஸ்பத்திரியை விட்டே துரத்தப் பார்த்தவன் நான். அதுவும் முழு நிதானத்தில்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியின் காசநோய் வார்டில் நான் ஆண் நர்ஸ், பெயர் சவரி. எங்கள் ஊரில் அதற்கு ஆன்ஃபிர்மியே என்று பெயர். கேட்க ஏதோ கவர்னர் உத்தியோகம் போலிருக்கும். வேலை, ஊசி போடுவதும் சளிக் கோப்பை கழுவ வைப்பதும்தான்.

வார்டு டாக்டர் பாரிசில் படித்தவர். முசே என்று கூப்பிடுவோம். புது மருந்து, புது ஆராய்ச்சி எதுவானாலும் வார்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பது அவர் கட்டளை. பிரான்சிலிருந்து கப்பலில் வரும் மருத்துவப் பத்திரிகையின் அட்டையில் ஒரு சீட்டு குத்தியிருக்கும். படித்தவர் அதில் கையெழுத்துப் போட்டு அடுத்தவரிடம் தர வேண்டும். அந்தப் பத்திரிகைகளின் தாள்கள் மடித்தபடியே தைக்கப்பட்டு வரும். ஓரத்தைக் கத்தியால் கீறினால்தான் உள்பக்கம் தெரியும். நான் ஒருநாளும் கீறியதில்லை. கையெழுத்து மட்டும் அழகாகப் போடுவேன், கீழே ஒரு சுழியோடு.

எட்டாம் நம்பர் கட்டிலில் முனுசாமி. வில்லியனூர்ப் பக்கம் தென்னையில் கள் இறக்குபவர். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியில் இருமல் அடங்கி, உடம்பு தேறி வந்தது. ஒரு நாள் காலை, சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் தள்ளாடி வந்தார்.

"என்ன முனுசாமி, விடிஞ்சதுமே ஆரம்பிச்சாச்சா?"

"தல சுத்துது சார். தரை தோணி மாதிரி ஆடுது."

"சரக்கு யாரு கொண்டாந்தா?"

"சத்தியமா இல்ல சார். நான் எறக்குறவன், குடிக்கிறவன் இல்ல."

"மிட்டாய்க் கடைக்காரன் நாக்குல மிட்டாயே படாதாக்கும்" என்றேன். வார்டே சிரித்தது. தலையணையைப் புரட்டினேன், பாட்டில் இல்லை. வாயை மோந்தேன், கஞ்சி வாசனைதான். வாசனை வராத சரக்கு என்று கண்டுபிடித்தேன். மூன்று நாள் தொடர்ந்து 'குடி' என்று எழுதினேன்.

பார்க்க வந்த அவர் மனைவி அஞ்சலை என்னைப் பிடித்துக்கொண்டார். "குடிச்சிட்டு மரம் ஏறுனா இந்த ஆளு என்னிக்கோ போய்ச் சேந்திருப்பாரு. இது கூடவா தெரியாது, தம்பி?"

அருமையான வாதம். என் மண்டையில்தான் ஏறவில்லை. ரிஜிஸ்தரைப் பார்த்த டாக்டர், "நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடு" என்றார். பாதி வைத்தியத்தோடு போனால் நோய் திரும்பும். அந்தத் தலைசுற்றலோடு மரம் ஏறினால் நோய் வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மறுநாள் காலை பத்திரிகையை மருந்தறை லூர்து அம்மாளிடம் தர வேண்டிய முறை. கீறாத பக்கத்தைப் பார்த்தால் அந்த அம்மாள் ஊரைக் கூட்டிவிடும். ஆபரேஷன் கத்தியை எடுத்து, படித்த மாதிரி தெரியட்டும் என்று பக்கம் பக்கமாகக் கீறினேன். மூன்றாவது கீறலில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற பெயர் கண்ணில் பட்டது. அதன் கீழே தலைசுற்றல், தள்ளாட்டம், காது இரைச்சல். சீக்கிரம் நிறுத்தினால் தப்பலாம். விட்டால் நடையும் காதும் போகலாம். நின்றபடியே கடைசி வரி வரை படித்தேன். உத்தியோகத்தில் நான் முழுசாகப் படித்த முதல் கட்டுரை அது.

பத்திரிகையோடு ஓடினேன். டாக்டர் முனுசாமியை அனுப்பும் சீட்டில் கையெழுத்துப் போடப் பேனாவை வைத்துவிட்டார்.

"முசே, போடாதீங்க! அந்த ஆளு குடிக்கல. நம்ம ஊசிதான்!"

வாங்கிப் படித்தார். "இது வந்து மூணு வாரம் ஆச்சே. உன் கையெழுத்து இருக்கே?"

"போட்டேன் முசே. படிக்கல. பக்கத்தையே இப்பதான் கீறினேன்."

வேலை போயிற்று என்று நின்றேன். அவர் பத்திரிகை அட்டையில் இருந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பெயருக்கு மேலே, முதல் வரியில், அவர் கையெழுத்து. இன்றுதான் கீறிய பக்கத்தை அவர் எப்போது படித்தார்? இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

"சவரி," என்றார் மெதுவாக, "அந்தக் கதவைச் சாத்து."

பிறகு இருவரும் எட்டாம் கட்டிலுக்குப் போனோம். காலைச் சேர்த்து, கண்ணை மூடி நிற்கச் சொன்னார். முனுசாமி என் மேல் சாய்ந்தார்.

"காது இரையுதா?"

"நாலு நாளா வண்டு பறக்குதுங்க. சொன்னா அதையும் குடின்னு இவரு எழுதுவாரேன்னு சொல்லல."

அவரைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தேன்.

ஊசி நின்றது, காசநோய்க்கான மாத்திரை மட்டும் தொடர்ந்தது. தினமும் அவர் கையைப் பிடித்து வராந்தாவில் நடத்தினேன். "இன்னிக்கு ரெண்டு பேருமே ஆரம்பிச்சாச்சா?" என்று மற்ற நோயாளிகள் கேட்டார்கள். நான்காவது வாரம் முனுசாமி சுவரை விட்டார், பிறகு என்னையும் விட்டார். வண்டும் பறந்து போயிருந்தது. 'குடி' என்ற மூன்றையும் அடித்து 'மருந்து' என்று எழுதினேன்.

டாக்டர் கையெழுத்துச் சீட்டை ஒழித்தார். இனிமேல் படித்தவர், அந்தச் சங்கதி எந்தக் கட்டில் நோயாளிக்கு ஆகும் என்று எழுத வேண்டும். முதலில் அவரே எழுதினார். அதில் மட்டும் ஏமாற்ற முடியவில்லை. நான் முயன்று பார்த்தேன்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: குவிகிற பத்திரிகையை எல்லாம் படித்துத் தீர்க்க யாராலும் ஆகாது. ஒன்றைப் படியுங்கள். படித்த சூட்டோடு வார்டை ஒரு சுற்றுச் சுற்றி, இது யாருக்கு என்று பாருங்கள். அந்தச் சம்பவத்துக்கு அடுத்த வருஷம் எக்ஸ்ரே எடுக்க வந்த முனுசாமி, முப்பது மரம் ஏறுவதாகச் சொன்னார். அஞ்சலை மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்து, "படிக்கிறியா தம்பி?" என்று கேட்டார்.

"படிக்கிறேம்மா" என்றேன். அந்த முறை பொய் இல்லை.