பாதி ஏற்றிய திரை

என் அம்மா அட்ராக்டா, லீட்ரிமில் எங்கள் ஊர்ச் சேமிப்புச் சங்கத்தின் காசாளர். வாசல் சாவி ஒன்று அவளிடம், மற்றொன்று உடன் வேலைசெய்த டிம்ப்னாவிடம்.

பக்கத்து ஊரில் ஒரு காசாளரின் குடும்பத்தைக் கொள்ளையர்கள் வீட்டிலேயே பிடித்துவைத்து, அவரைக்கொண்டே பெட்டகத்தைத் திறக்க வைத்தார்கள். அதன்பின் அம்மா தினமும் வேறு வேறு வழியில் வேலைக்குப் போனாள். வீட்டில் மணி அடித்தால் மாடியிலிருந்து எட்டிப் பார்க்காமல் கதவைத் திறக்கமாட்டாள். வேலையை விட்டுவிடச் சொன்னேன்.

"விட்டா மட்டும் என் மூஞ்சி அவனுங்களுக்கு மறந்துடுமா?"

நான் அபாயமணி பொருத்தும் பொறியாளன். ஆனால் காலையில் சங்கத்தைத் திறக்கும் விதி அவள் வகுத்தது. அதற்கு மின்சாரம் வேண்டாம். முதலில் அவள் தனியாக உள்ளே போய் எல்லா அறைகளையும் பார்ப்பாள். ஆபத்தில்லை என்றால் இடது சன்னல் திரையைப் பாதி ஏற்றுவாள். அதன்பிறகே எதிரே காரில் காத்திருக்கும் டிம்ப்னா இறங்கலாம். திரை ஏறாவிட்டால் போலீஸ்.

ஒருநாள் மழைக்கு டிம்ப்னா முன்னாலேயே ஓடிவந்துவிட்டார்.

"உள்ள எவனாவது துப்பாக்கியோட நின்னிருந்தா என்னடி பண்ணியிருப்ப?"

"அவனுக்கும் சேர்த்து டீ போட்டிருப்பேன். குளிருது அட்ராக்டா."

"மழையில கரைஞ்சே போனாலும் சரி, திரை ஏறாம வராத."

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை திரை ஏறவில்லை. டிம்ப்னா போலீஸை அழைத்தார். எங்கள் ஊர்ப் போலீசிடம் துப்பாக்கி கிடையாது. ஆயுதப் பிரிவு ஸ்லைகோ நகரத்திலிருந்து வரவேண்டும். தெருவை அடைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். கடைசியில் நுழைந்தபோது உள்ளே வேறு யாருமில்லை. அம்மா பெட்டக அறை வாசலில் விழுந்து கிடந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. அன்று மாலை வரை உயிர் இருந்தது.

உடலை வீட்டில் வைத்தோம். சாவு வீட்டு வழக்கப்படி எல்லாச் சன்னல் திரைகளையும் இறக்கினோம். ஊரே வந்து டீ குடித்தது. டிம்ப்னா மட்டும் கேட்டுக்கு வெளியே காரில் உட்கார்ந்திருந்தார். போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"உள்ள வாங்க ஆன்ட்டி."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுடா வர்றது? சாவி என் மடியிலயே இருந்துச்சு, கோர்மக்."

"வரக்கூடாதுன்னு சொன்னதே அம்மாதானே."

"தெரியும். தெரிஞ்சுதான் உக்காந்திருந்தேன்."

திரும்பி வந்து, அம்மாவின் தலைமாட்டில் இருந்த சன்னலின் திரையைப் பாதி ஏற்றினேன்.

"சாவு வீட்ல என்னடா பண்ற?" என்றாள் அத்தை.

வெளியே கார்க் கதவு திறந்தது.