அம்மாவுக்கென்று தைத்த முகக்கவச உறை

2021ஆம் ஆண்டு பிப்ரவரி எட்டாம் நாள், திங்கட்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம், நான்கு மணிக்கு முடிய வேண்டிய இணைய வகுப்பை ஆசிரியர் பத்து நிமிடம் இழுத்துவிட்டிருந்ததுதான். அந்த அநியாயத்தை நான் மனத்துக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மா வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டார்.

“மாஸ்க்குக்குள்ள நாத்தம் தெரியாம இருக்கணும்னா என்னா செய்யலாம்? நீதான் எந்நேரமும் போன்லயே இருக்கியே, பாத்துச் சொல்லு.”

யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அம்மா வேலை செய்தது ஈப்போவுக்கு வெளியே, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்து இப்போது பாதி செம்பனையும் பாதி வீடமைப்பும் ஆகிவிட்ட நிலத்தில் எஞ்சி நின்ற ஓர் ஆலையில். தோட்டம் போய்விட்டது; ஆலை போகவில்லை. சிறு தோட்டக்காரர்களிடமிருந்து லோரிகளில் கட்டிப்பால் வந்து இறங்கும். மரத்துக் கிண்ணத்திலேயே உறைந்து, மூட்டையில் நாட்கணக்கில் கிடந்து அழுகிய ரப்பர்ப் பால் அது. அதைப் பிரித்துக் குப்பை பொறுக்கிக் கழுவும் பகுதியில் அம்மா நின்றார். அந்த நாற்றத்தை நான் வருணிக்கப்போவதில்லை. எங்கள் வீட்டைக் கடந்து லோரி போனால், குளித்துக்கொண்டிருப்பவருக்கும் அது போய்விட்டது என்று தெரியும், அவ்வளவு போதும்.

முன்பெல்லாம் அங்கே பெண்கள் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வார்களாம். முடியாதபோது அவிழ்த்துவிட்டு வெளியே போய்க் காற்று வாங்குவார்களாம். கொரோனா வந்தபின் அதற்கு வழியில்லை. முகக்கவசம் எட்டு மணி நேரமும் முகத்தில் இருக்க வேண்டும். ஒருமுறை கழற்றிப் பிடிபட்டால் எச்சரிக்கை, மறுமுறை பிடிபட்டால் வேலை இல்லை. இந்த விதியை நான்கு மொழிகளில் அச்சிட்டு ஒட்டியிருந்தார்கள். நாற்றம் கவசத்துக்குள் புகுந்து, மூச்சின் ஈரத்தோடு சேர்ந்து, வெளியே போகாமல் மூக்கிலேயே குடியிருக்குமே, அதற்கு என்ன செய்வது என்று ஒரு மொழியிலும் அச்சிடவில்லை. யாரோ கேட்டதற்கு, “நாத்தம் என்னா ஆளையா கொல்லும்?” என்றாராம் மண்டோர். அவர் குளிர்சாதனம் பொருத்திய கண்ணாடி அறைக்குள் இருந்து வேலையைக் கண்காணிப்பவர். அவர் மகள் என் வகுப்புத் தோழி. நாங்கள் நாள்தோறும் பாடம் பற்றித் தொலைபேசியில் பேசுவோம்.

“மண்டோர் மவகிட்ட இதெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத, தெரியுதா?” என்று அம்மா முதல் நாளே எச்சரித்தார். என் கண்டுபிடிப்பை அவள் திருடிவிடக்கூடாது என்பதற்காக அம்மா அப்படிச் சொல்வதாக நான் எடுத்துக்கொண்டேன்.

நான் முறையாகத் தொடங்கினேன். முதலில் கவசத்தின் உட்புறம் ஒரு சொட்டுத் தைலம். மறுநாள் மாலை அம்மா, “அது வேணாம். கண்ணு எரிஞ்சி தண்ணியா கொட்டுது” என்றார். அடுத்து, மெல்லிய துணியில் முடிந்த கோப்பித் தூள். “மூச்சு பட்டு ஊறி, வாயெல்லாம் கறுப்பா ஆயிருச்சி.” மூன்றாவதாகப் பின்கட்டில் தொட்டியில் நின்ற, இலையே எலுமிச்சையாய் மணக்கும் லீமா பூருட் செடியில் நான்கு இலை பறித்து, நடு நரம்பை உரித்து, நிழலில் அரைநாள் வாட்டி, ஒரே ஒரு கிராம்போடு வைத்தேன். கவசத்துக்குள் வைத்தால் முகத்தில் உரசும் என்பதால், கவசத்தின் மேல் மாட்டிக்கொள்ள இரண்டடுக்கில் ஓர் உறை தைத்து, அடுக்குகளுக்கு நடுவே இலையைச் செருகினேன். காற்று புக வேண்டும், இலை நழுவக்கூடாது, காதில் இழுக்கக்கூடாது. மூன்றையும் சரிசெய்ய மூன்று முறை பிரித்துத் தைத்தேன்.

அந்த உறைக்கு நான் வெட்டியது என் தீபாவளிப் பாவாடையை. பச்சை நிறம், மாம்பழ மஞ்சளில் கரை. கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்டதுதான். ஆனாலும் இன்னொரு விழாவுக்குத் தாங்கியிருக்கும். நல்ல பருத்தி வேறு வீட்டில் இல்லை. கத்தரிக்கோலை வைக்கும்போது எனக்கு அழுகை வந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அன்று ஒப்புக்கொள்ளவில்லை.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். “லீமா பூருட் போட்டாச்சு, கிராம்பு போட்டாச்சு. இன்னும் ரெண்டு தண்டு செரை போட்டா உங்கம்மா மூஞ்சியிலயே தொம் யாம் சூப்பு கொதிச்சிரும் லா.”

“நீங்க போய் ஒருநாள் அங்க நின்னு பாருங்க,” என்றேன். அப்பாவிடம் நான் எதிர்த்துப் பேசுவது அரிது. அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் மாலை அம்மா சொன்னார்: “நல்லா வேல செய்யுது. சாயங்காலம் வரைக்கும் கொமட்டவே இல்ல.” அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் இரண்டு வாரம் உழைத்தேன். நாள்தோறும் உறையைத் துவைத்து, சமையல் புகை படாமல் வெயிலில் உலர்த்தி, விடிந்ததும் புது இலை வைத்துக் கொடுப்பேன். அம்மா வாங்கி ஒருமுறை முகர்ந்து பார்ப்பார், தலையாட்டுவார், பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறுவார். வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போகாதது ஏன் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் வாரம் வியாழக்கிழமை அம்மா சோற்றுப் பாத்திரத்தை மேசையிலேயே மறந்துவிட்டுப் போனார். பதினொன்றரைக்கு அதைச் சைக்கிளில் எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனேன். பக்கவாட்டு வேலியோரம், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், ஓர் இளம்பெண் கவிழ்த்த வாளிமீது குனிந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அம்மாவின் முகத்தில் ஆலை கொடுத்த வெறும் நீலக் கவசம். அந்தப் பெண்ணின் முகத்தில் என் பாவாடை.

பச்சை. மாம்பழ மஞ்சள் கரை. சற்றும் ஐயமில்லை.

“இழுத்து மூச்சு விடு தங்கச்சி. இன்னும் நாலு மணி நேரந்தான்,” என்றார் அம்மா.

“நீங்க இல்லன்னா நான் என்னைக்கோ ஓடியிருப்பேன் அக்கா.”

நான் சோற்றுப் பாத்திரத்தைக் காவலரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். வழி நெடுகக் கோபத்தில் காது சுட்டது. கொடுத்தது பெரிதல்ல, கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் (கொடுத்திருக்க மாட்டேன்). என்னை ஏமாற்றியதுதான் தாங்கவில்லை. கண் எரிந்தது யாருக்கு? வாய் கறுத்தது யாருக்கு? இரண்டு வாரமாக யாரோ ஒருத்தியின் மூக்குக்கு நான் வேலைக்காரியாக இருந்திருக்கிறேன்!

இப்போது எனக்குத் தெரிந்தவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். அவள் பாரிட் புந்தாரிலிருந்து திருமணமாகிப் புந்தோங்குக்கு வந்தவள். அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. ஒப்பந்த வேலைக்காரி கர்ப்பமென்று தெரிந்தால் மறு ஒப்பந்தம் கிடையாது என்பது எங்கும் ஒட்டப்படாத விதி. ஒட்டப்பட்ட விதிகளைவிட உறுதியானது. அவள் கணவனுக்கு அந்த ஆண்டு வேலை இல்லை. மண்டோர் மகளோடு நாள்தோறும் பேசும் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் அம்மா இதை எப்படிச் சொல்லியிருப்பார்?

இன்னொன்று. ஈராண்டு கழித்து, சமையல் எரிவாயு கசிந்து வீடே நாறிய ஒரு பிற்பகலில் நான் அடுப்படிக்கு ஓடியபோது, அம்மா உருளைக்குப் பக்கத்திலேயே அமைதியாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு வாசனை தெரியாது. எதுவும் தெரியாது. எப்போதிருந்து என்று கேட்டதற்கு, “அது ஆச்சு, நீ மூணாம் வகுப்பு படிக்கறப்பவே” என்றார், பழைய குடை தொலைந்த கதையைச் சொல்வதுபோல. பத்து காஜா நகர மருத்துவமனையில் மருத்துவர் காரணத்தை உறுதியாகச் சொல்லவில்லை. மண்டோர் உறுதியாகச் சொன்னார்: ஆலையால் அல்ல. எத்தனை ஆண்டுகள் கடந்தாலும் அந்த உறுதியை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த இளம்பெண்ணின் வேலை மறுநாள், வெள்ளிக்கிழமை, போனது. வேலை தொடங்கிய சற்று நேரத்தில், கண்ணாடி அறைக்கு நேர் எதிரே, கவசத்தையும் உறையையும் ஒன்றாகப் பிடுங்கி எறிந்துவிட்டு வாந்தி எடுத்திருக்கிறாள். அவளுக்கு அது இரண்டாம் முறை. மண்டோர் காரணம் கேட்க, பக்கத்தில் இருந்த யாரோ கர்ப்பத்தைச் சொல்லிவிட்டார்கள். இத்தனை நாள் தாங்கியவளுக்கு அன்று மட்டும் என்ன வந்தது என்று பெண்கள் பேசிக்கொண்டார்களாம். அம்மா அன்று மாலை உறையைத் தாமே துவைத்துக் கொடியில் போட்டார். இனி இலை வேண்டாம் என்றார். அதற்குமேல் என்னிடம் இன்றுவரை ஒரு சொல் கேட்டதில்லை.

இவை எதுவும் தெரியாத வியாழக்கிழமை மாலையில், அம்மா வந்ததும் வழக்கம்போல் கேட்டேன்.

“எப்படிம்மா இருந்துச்சி இன்னிக்கு?”

“நல்லா இருந்துச்சி. நீ வைக்கிற எலைக்கு ஈடே இல்ல.”

என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் இரவு முழுவதும் அவர் முகத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, ஆறரை மணிக்கு, நான் செடியிடம் போகவில்லை. அலமாரியிலிருந்து பிளாச்சானை எடுத்தேன். இறாலை அரைத்துப் புளிக்கவைத்துக் காயவைத்த அந்தக் கட்டியில் கடலையளவு கிள்ளி, மணம் எழும்ப நெருப்பில் காட்டி, துண்டுத் துணியில் முடிந்து, உறையின் இரண்டடுக்குக்கு நடுவே செருகினேன். நான் எதிர்பார்த்தது இவ்வளவுதான்: அம்மா முகர்வார், அலறுவார், “என்னாடி இது?” என்பார், அப்போது நான் நிமிர்ந்து நின்று, “உங்களுக்கா, அவங்களுக்கா?” என்று கேட்பேன். கேள்வியைக்கூட இரண்டு முறை ஒத்திகை பார்த்திருந்தேன்.

அம்மா உறையை வாங்கினார். மூக்கருகே வைத்து ஆழமாக மூச்சை இழுத்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

“இன்னிக்கு இன்னும் நல்லா இருக்கு,” என்றார்.

இவ்வளவு நாறும் ஒன்றை மூக்கில் வைத்துக்கொண்டும் கூசாமல் பொய் சொல்ல முடிகிறதே என்று எனக்குக் கொதித்தது. டப்பாவை மூடினார், தலைக்கவசத்தை மாட்டினார். வண்டி உறுமியது. அப்போதும் நேரம் இருந்தது. ஒரு சொல் போதும். நான் சொல்லவில்லை. வாசல் கதவை இழுத்துச் சாத்திவிட்டு உள்ளே போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.