ஐந்தே ஐந்து ஆழங்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் பெரம்பலூரில் ஒரு கணக்கெடுப்பு ஆபீசில் வேலை பார்த்தேன். மானாவாரி ஊர்களில் பாசனக் கிணறுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஆராயும் திட்டம். ஊர் ஊராகப் போகும் ஆட்கள் கிணற்றுக்கு ஒரு படிவம் வீதம் நிரப்பிக்கொண்டு வருவார்கள். அதை எண்களாக மாற்றி எழுதுவது என் வேலை. பிறகு திருச்சியில் ஒரு கல்லூரிக் கம்ப்யூட்டர் படிப்பதற்காக அந்த எண்களை அட்டைகளில் துளைகளாகப் போடுவார்கள்.

ஆபீஸ் பொறுப்பாளருக்கு என்னைப் பிடிக்காது. சேர்ந்த அன்று, "சொந்த ஊரு எது?" என்றார். குன்னம் பக்கம் என்றேன். "அங்க எந்தத் தெரு?" என்றார். சொன்னேன். அதன் பிறகு அவர் ஒரு படிவத்தைக்கூட என் கையில் கொடுத்ததில்லை. மேசையில் போட்டுவிட்டுப் போவார். எனக்கும் அவரைக் கண்டால் ஆகாது. தலைமை ஆபீசுக்கு அவர் எழுதும் கடிதங்களில் கணக்குத் தவறினால், தெரிந்தே திருத்தாமல் விட்டுவிடுவேன்.

எண்கள் எழுதிய தாள் கட்டுகளோடு திருச்சிக்குப் போய் வருவதும் நான்தான். அங்கே காத்திருக்கும் நேரத்தில் ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டேன். சென்னையில் இருந்த தலைமை ஆபீஸ் கேட்டதெல்லாம் சராசரி மட்டும். ஆனால் துளையிடும்போது நாற்பது சில சமயம் நானூறாகிவிடும். அதைப் பிடிக்க நானே ஒரு புரோகிராம் எழுதினேன். ஓர் எண்ணை எடுக்கும். ஏற்கெனவே பார்த்த எண்களில் அது இருந்தால் அதன் கணக்கில் ஒன்று கூட்டும். இல்லையென்றால் வரிசையின் கடைசியில் புதிதாகச் சேர்க்கும். முடிவில் எத்தனை வெவ்வேறு எண்கள், ஒவ்வொன்றும் எத்தனை தடவை என்று தாளில் வந்துவிடும்.

ஊர்வாரியாக அச்சான அந்தத் தாளைத் திரும்பி வரும் பஸ்ஸில் மடியில் விரித்துப் பார்த்தேன். மற்ற ஊர்களில் அறுபது கிணறுகளுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட ஆழங்கள் இருந்தன. முப்பத்தேழு அடி, நாற்பத்தொன்று, ஐம்பத்திரண்டு என்று, பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு தடவைதான். விக்கிரமங்கலத்துக்கு மட்டும் ஐந்தே ஐந்து. முப்பது, முப்பத்தைந்து, நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது. ஒவ்வொன்றும் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று தடவை. சராசரி மட்டும் மற்ற ஊர்களோடு அழகாகப் பொருந்தியது. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. என் அப்பா கூலிக்குக் கிணறு வெட்டியவர். எந்த ஊரிலும் கிணறுகள் இப்படி வரிசை பிடித்து நிற்காது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் தாளைப் பொறுப்பாளர் முன்னால் வைத்தேன்.

"ஜனங்க உத்தேசமா சொல்லியிருப்பாங்க. அதுல என்ன?" என்றார்.

"டேப் வச்சு அளந்ததா படிவத்துல எழுதியிருக்கு சார்."

"மெஷின் தப்பா எண்ணியிருக்கும்."

"மத்த ஊருக்கெல்லாம் சரியா எண்ணிட்டு, இந்த ஊருக்கு மட்டும் தப்பா எண்ணுமா சார்?"

அவர் முகம் கறுத்தது. விக்கிரமங்கலத்துப் படிவங்களை நிரப்பியது அவருடைய மச்சினன். "ஒன்ன எண்ணச் சொன்னது யாரு? எழுதிப் போடுறதுதான் ஒன் வேல. படிச்சிட்டா எங்க குடும்பத்து ஆளையே திருடன்னு சொல்லுவியா?" என்று தாளை நான்காகக் கிழித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறும் கல்லும், படிவங்களிலிருந்து எழுதிக்கொண்ட குறிப்பும் எடுத்துக்கொண்டு விக்கிரமங்கலத்துக்கு பஸ் ஏறினேன். அங்கேயும் யாரும் என்னை வரவேற்கவில்லை. முதல் வயலிலேயே ஒருவர் வழிமறித்தார்.

"கெணத்துக்கு வரி போடத்தான அளக்குற? போயிரு, இல்லன்னா கயித்தப் புடுங்கி வீசிருவேன்."

வரி இல்லை, சரிபார்க்கத்தான் வந்தேன் என்று கும்பிட்டுச் சொன்னேன். அவர் நகரவில்லை. நான்தான் நகர்ந்தேன். வெயில் இறங்குவதற்குள் ஒன்பது கிணறுகள் அளந்தேன். ஒன்பதும் ஒன்பது ஆழம். படிவத்தில் நாற்பது அடிக் கிணறு என்று எழுதியிருந்த ஒரு வீட்டுக்காரம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்களுக்கு ஏது கெணறு? நீ என்ன கேலி பண்ண வந்தியா?"

"இதுக்கு முன்னால யாராச்சும் வந்து கேட்டாங்களா?"

"ஒருத்தரும் வரல. நீயும் கெளம்பு."

திங்களன்று சென்னையில் இருந்த திட்ட இயக்குநருக்கு எல்லாவற்றையும் எழுதி, திருச்சியில் மறுபடி அச்சடித்த தாளையும் சேர்த்து அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து அவரே ஜீப்பில் வந்தார். பொறுப்பாளர் அவருக்கு இளநீர் வெட்டச் சொன்னார். இயக்குநர் படிவங்களைப் புரட்டினார். மச்சினனைக் கூப்பிட்டு, ஒரு கிணற்றுக்கு எப்படிப் போக வேண்டும் என்று வழி கேட்டார். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அறுபது படிவங்களும் தள்ளப்பட்டன. மச்சினன் வேலையிலிருந்து நின்றான். புறப்படும்போது இயக்குநர் என்னைத் தனியாக அழைத்தார். "நீங்க கண்டுபிடிச்சது சரிதான். ஆனா அவரத் தாண்டி எனக்கு எழுதியிருக்கக் கூடாது" என்றார். யாருக்கு எழுதியிருக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் ஜீப்பில் ஏறிவிட்டார்.

மூன்று மாதத்தில் எல்லோருடைய வேலையையும் நீட்டித்தார்கள், என்னுடையதைத் தவிர. எனக்குக் கொடுத்த சான்றிதழில், 'வேலையில் திறமை உண்டு. மற்றவர்களோடு ஒத்துப்போகமாட்டார்' என்று பொறுப்பாளர் தன் கையால் எழுதியிருந்தார். அதைக் காட்டாமலே திருச்சிக் கல்லூரியில் அட்டை துளையிடும் பிரிவில் வேலை கிடைத்தது. சில வருடங்களில் புரோகிராம் எழுதும் இடத்துக்கு வந்தேன்.

பின்னால் ஒருமுறை அரியலூர் ரயில் நிலையத்தில் அந்தப் பொறுப்பாளரைப் பார்த்தேன். கையில் பையோடு தனியாக நின்றிருந்தார். தலை நரைத்துவிட்டது. நேராக என்னிடம் வந்தார்.

"என்னம்மா, நல்லாருக்கியா? பெரிய வேலையில இருக்கியாமே, கேள்விப்பட்டேன். நம்ம ஆபீசுல இருந்து போன பொண்ணுன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

நம்ம ஆபீஸ் என்ற சொல் என்னைச் சுட்டது. அவருக்கு உடம்பு முடியாமல் இருப்பது பார்த்தாலே தெரிந்தது. ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். நான் என் பெட்டியை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தின் மறுகோடிக்கு நடந்தேன்.